சமைத்தவள் சாப்பிடாமல் போனது பற்றி

என் பெயர் முனீஸ்வரி. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் சேதுபதி. திண்டுக்கல் நாகல் நகரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், ஆங்கிலம் எழுத்துக் கூட்டத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் போன்ற விசேஷங்களுக்குச் சமையல் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். என் கணவர் வாழைக்காய் மண்டியில் எடை போடுகிறார். 2007ஆம் வருடம் நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் காணவில்லை என்று என் கணவரும், நான் சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டு ஓடிப்போனேன் என்று சின்னாளப்பட்டி கமலக்கண்ணன் என்பவரும் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை மதியம் நானாகவே நிலையத்துக்கு வந்தேன். சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்க நான் சொல்லி எழுதப்படுவது இது. என்னை யாரும் மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பல்லி பயம் உண்டு. பல்லியைப் பார்த்தால் பயம் என்று எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பல்லியைப் பார்த்தால் விளக்குமாற்றால் ஒரு போடு போட்டு வெளியே தள்ளிவிடுவேன். நான் சமைத்த சாம்பாரில் நான் பார்க்காத நேரத்தில் பல்லி விழுந்திருக்குமோ, சாப்பிட்டவர்கள் எல்லாரும் வாந்தி எடுத்துச் செத்துப்போவார்களோ என்பதுதான் என் பயம். சில வருடங்களுக்கு முன்பு வேறு ஒருவர் சமைத்த விசேஷத்தில் அப்படி நடந்ததாகப் பேப்பரில் படித்தேன். அந்தச் சமையலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவில்லை.

அதன் பிறகு அண்டாவின் மூடியைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன், மூடும்போது விழுந்திருக்குமோ என்று மறுபடி திறப்பேன். டார்ச் அடித்துக் கரண்டியால் அடியோடு துழாவுவேன். மனசு ஆறாவிட்டால் அண்டாவோடு சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொதிக்க வைப்பேன். பந்தி நடக்கும்போது இலை இலையாக நின்று சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். ஒருவருக்குப் புரையேறினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். வீட்டுக்கு வந்த பிறகு, கரண்டியை மறந்துவிட்டேன், தாம்பாளத்தை விட்டுவிட்டேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி விசேஷ வீட்டுக்குப் போன் போட்டு, "பிள்ளைகள்லாம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பேன். ஒரு வீட்டில், "ஏத்தா, நீ சமைக்க வந்தியா, சொந்தம் கொண்டாட வந்தியா?" என்றே கேட்டுவிட்டார்கள். என் கணவர், "அடுத்தவளுக்கெல்லாம் மாமியா தொல்லை, ஒனக்குப் பல்லித் தொல்லை" என்று கேலி செய்வார். கேலி செய்தாலும் கோயில் கோயிலாகக் கூட்டிப்போய்க் கயிறு கட்டியவரும் அவர்தான்.

மனநல டாக்டரிடம் போகலாம் என்று எனக்கே தோன்றியது. ஆனால் அந்த வாசலில் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் போதும், என் அடுப்பு அணைந்துவிடும். மூளை சரியில்லாதவள் கையால் யார் சாப்பிடுவார்கள்? ஆகவே போகவில்லை.

பின்னர், பஸ் ஸ்டாண்டு பக்கம் கிதர் முகம்மது என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு ஒரு பார்ட்டிக்கு மெனு பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மனசு பாரமாக இருப்பவர்கள் நேரில் வர வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் மூலமாகவே ஆலோசகரிடம் பேசலாம், சொந்தப் பெயரைக் கூடச் சொல்ல வேண்டாம் என்று போட்டு, அறிவுச்செல்வி என்ற பெயரும் போன் நம்பரும் இருந்தன. சொந்தப் பெயர் வேண்டாம் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே போய் ஒரு கேபினில் உட்கார்ந்து மேற்படி அறிவுச்செல்வி மேடத்திடம் பேசி வந்தேன். என் பெயர் சோலையம்மாள் என்று சொல்லியிருந்தேன்.

பேசினேன் என்பது முழுக்கச் சரியில்லை. கேபினுக்குக் கதவு உண்டு, ஆனால் தடுப்பு வெறும் பலகைதான். நான் வாய்விட்டுப் பேசினால் பக்கத்துக் கேபினில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். ஆகவே மேடம் பேசுவார், நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதில் அனுப்புவேன். கேமரா வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதனால் அவர் குரல் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. அவருக்கு என் குரலும் தெரியாது, முகமும் தெரியாது.

முதல் நாளே மேடம் சில விஷயங்களைச் சொன்னார். நான் சொல்வது அவரைத் தாண்டிப் போகாது என்றார். என் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றார். வெளியில் எங்கேயாவது என்னை அடையாளம் தெரிந்தாலும் அவராக வந்து பேச மாட்டார், நான் முதலில் பேசினால்தான் பேசுவார் என்றும் சொன்னார். அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார் என்பது இன்றுதான் தெரிகிறது. ஒரே கடையில் நின்று கொத்தமல்லி வாங்கியிருப்போம்.

எப்போது பேச ஆரம்பித்தாலும் மேடம் முதலில், "சாப்டீங்களா?" என்றுதான் கேட்பார். ஒப்புக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் சமைத்ததை நாக்கில் வைத்து ருசி பார்ப்பதோடு சரி, நானே சாப்பிடுவதில்லை, விசேஷ நாட்களில் பட்டினிதான் கிடக்கிறேன் என்பது அந்தக் கேள்வியிலிருந்துதான் வெளியே வந்தது. என் கணவருக்கே அது தெரியாது.

மேடம் மீது எனக்கு ஆரம்பத்தில் கோபம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். "நேத்து வச்ச சாம்பார்ல ஒண்ணும் இருந்திருக்காதுல்ல மேடம்?" என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவையும் இருந்திருக்காது என்று சொல்ல மாட்டார். "அதை நான் சொல்ல மாட்டேன்மா. நான் சொன்னா இன்னைக்கு நிம்மதியா இருக்கும், நாளைக்கு மறுபடி என்னையத்தான் கேப்பீங்க" என்பார். ஒரு வாய் ஆறுதலுக்குக் கூட இந்தம்மாவிடம் பஞ்சமா என்று இருந்தது. என் கணவர் நூறு தடவை கேட்டாலும் ஒண்ணும் ஆகாது என்று சொல்லுவார். நூற்றியோராவது தடவை கேட்கச் சொல்வது அந்தப் பதில்தான் என்று எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது.

அதன் பிறகு மேடம் எனக்கு வீட்டு வேலை மாதிரி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதலில் வீட்டில் ரசம் வைத்து மூடிவிட்டு, திறந்து பார்க்காமல் பரிமாற வேண்டும். பயம் வரும், வரட்டும், அதனோடு சண்டை போட வேண்டாம் என்றார். "பஸ்ஸுல பக்கத்துல பிடிக்காத ஆளு வந்து உக்காந்தா என்ன செய்வீங்க? பேச்சுக் குடுக்காம இருந்தா அவங்க ஸ்டாப்புல எறங்கிருவாங்க. நீங்க எறங்கிறாதீங்க" என்றார். முதல் நாள் ரசத்தைப் பரிமாறிவிட்டு என் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், "என்னடி, புதுப் பொண்ணாட்டம் பாக்குற?" என்றார். பயம் வந்தது. ஆனால் மேடம் சொன்னது போலவே அது தானாக இறங்கிப் போனது. அடுத்து குழம்பு, அடுத்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, அடுத்து சின்ன விசேஷம் என்று மாதங்கள் ஓடின. நடுவில் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற புதன்கிழமைகளும் உண்டு. ஒரு தடவை முழு அண்டா பாயசத்தைக் கொட்டிவிட்டு வந்து அழுதபடி தட்டினேன். மேடம் திட்டவில்லை. "சரி, இந்த வாரம் அது ஜெயிச்சிருச்சு. அடுத்த வாரம் வருதுல்ல?" என்றார்.

இந்த நிலையில் சின்னாளப்பட்டி கமலக்கண்ணன் வீட்டுக் காதுகுத்து எனக்கு வந்தது. அவருடையது தறி வைத்துச் சுங்குடிச் சேலை நெய்யும் குடும்பம். பெரிய கூட்டம். மேடமும் நானும் யோசித்து, இதுதான் கடைசிப் படி என்று முடிவு செய்தோம். சமைத்து, வழக்கம் போல் ருசி பார்த்து, மூடிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் மூடியைத் திறக்கக் கூடாது, முகங்களைப் பார்க்கக் கூடாது, போன் போட்டு விசாரிக்கக் கூடாது. பந்தி நேரத்தில் அங்கே நின்றால் நான் முகம் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் பந்தி போடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறேன் என்று தட்டினேன். மேடமும் நல்லது, பிடித்த இடத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார்.

இங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் தொழிலில் சமைத்தவர் கடைசிப் பந்தி வரை இருந்து, அந்தப் பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சமைத்தவர் சாப்பிடாமல் போனால் அந்தச் சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது என்றுதான் எங்கள் பக்கம் பேசுவார்கள். மேடத்துக்குச் சமையல் தொழில் தெரியாது, இந்த வழக்கமும் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை நாளும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டது போல் பிசைந்துவிட்டு இலையை மூடி வந்தவள்தான் நான். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் பல்லியைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேற்படி காதுகுத்து நடந்த சின்னாளப்பட்டி மண்டபத்தில் சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் முடித்து, ருசி பார்த்து, மூடினேன். என்னோடு வேலை செய்யும் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுப் பரிமாறச் சொல்லிவிட்டு, "நான் போறேன், எங்கன்னு கேக்காத" என்றேன். அவள், "என்னக்கா, செத்த நேரம் இருந்து ஒரு வாய் சாப்ட்டுப் போக வேண்டியதுதான?" என்றாள். நான் செல்போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். அணைத்த போனைத் திரும்பப் போட ஒரு நிமிஷம் ஆகாது என்று வழியில் பயம் வந்தது. சிறுமலைக்குப் போனால் டவர் கிடைக்காது, நினைத்தாலும் பேச முடியாது என்று தோன்றியதால் திண்டுக்கல் வந்து சிறுமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேறு எந்த நோக்கமும் கிடையாது. எனக்கு அங்கே சொந்தமும் இல்லை.

மலையில் இறங்கியபோது பயமும் என்னோடு இறங்கியது. முதல் பந்தி உட்கார்ந்திருக்கும், சாம்பார் ஊற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்த ஆளுக்குப் பேச்சுக் கொடுக்காதது போல உட்கார்ந்திருந்தேன். நேரம் போகப் போக அது அடங்கியது. வாழைத் தோட்டத்துப் பக்கமாக நடந்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு விசேஷ நாளில் எனக்குப் பசித்தது.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் பாறை உருண்டுவிட்டது, சாயந்தர பஸ் வராது என்று சொன்னார்கள். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் செபாஸ்தியம்மாள் என்பவர், "மழைல எங்கிட்டுப் போவ? வாத்தா, நம்ம வீட்ல படு" என்று கூட்டிப்போனார். அவர் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். அடுப்புக்கு நேர் மேலே சுவரில் ஒரு பல்லி இருந்தது. குழம்புச் சட்டிக்கு மூடி இல்லை. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "அது பாட்டுக்கு அது கெடக்கும், நம்ம பாட்டுக்கு நம்ம திம்போம். தொட்டுக்க வெஞ்சனம் வைக்கவா?" என்றார். நான் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். இதை ஏன் சொல்கிறாய் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். எனக்கு இதுதான் முக்கியம் என்பதால் எழுதச் சொன்னேன்.

அதே நேரத்தில் சின்னாளப்பட்டியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. என் கணவரும் பேச்சியம்மாளும் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். இரண்டாம் பந்தியின்போது கமலக்கண்ணன் எனக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கத் தேடியிருக்கிறார். நான் இல்லை. போனும் அணைத்துக் கிடந்திருக்கிறது. "சமைச்சவ சாப்டாமப் போயிட்டாளாம்" என்று ஒருவர் சொல்ல, அது பந்தி முழுக்கப் பரவியிருக்கிறது. வேறு ஏதோ குடித்துவிட்டு வந்திருந்த ஒரு சொந்தக்காரர் வாசலில் வாந்தி எடுத்திருக்கிறார். அவ்வளவுதான், எல்லாருக்கும் வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. வேன் பிடித்து ஊரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே எல்லாரையும் சோதித்துப் பார்த்து, ஒருவரையும் படுக்கையில் சேர்க்காமல் சாயந்தரமே அனுப்பிவிட்டார்கள். போலீசார் வந்து சாம்பாரிலும் பாயசத்திலும் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னைத் தேடி வந்த என் கணவரிடம் விசாரித்தபோது, நான் புதன்கிழமைதோறும் பிரவுசிங் சென்டரில் யாரிடமோ பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கிதர் முகம்மது சுவரில் இருந்த நோட்டீஸைக் காட்டியிருக்கிறார். அதிலிருந்த நம்பரில் கூப்பிட்டுத்தான் இன்று காலை அறிவுச்செல்வி மேடத்தை இங்கே வரவழைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பாதை சரியானதும் முதல் பஸ்ஸில் மலையை விட்டுக் கிளம்பினேன். பஸ் கீழே வந்துகொண்டிருக்கும்போது போனைப் போட்டதும் என் கணவர் கூப்பிட்டார். "அடியேய், உசுரோட இருக்கியா? ஒன் சாப்பாட்டத் தின்னுட்டு ஊரே ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சுடி" என்றார். நான் இத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அதையே காதில் கேட்டேன். கேட்ட பிறகும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். யாருக்கும் ஒன்றும் இல்லை, திரும்பி வந்துவிட்டார்கள் என்று அடுத்து அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. "வா, ஸ்டேசன்ல ஒரு அம்மாவ ஒக்கார வச்சிருக்காக. ஒன்னயப் பத்திக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது" என்றார். நேராக இங்கே வந்தேன்.

நான் வாசலில் ஏறும்போது உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது. "என்கிட்ட யாரு பேசினாங்க, என்ன பேசினாங்கன்னு அவங்க சொல்லச் சொல்லாம நான் சொல்ல முடியாது சார். எந்த உசுருக்காவது ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே உங்ககிட்ட வந்திருப்பேன். காணாமப் போனவங்க நல்லா இருக்காங்களான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்றது. ஹெட்போன் இல்லாமல் அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடி போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். தெரியாதவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். தெரிய வழியில்லை. சார்பு ஆய்வாளர் என்னைக் காட்டி, "இந்தம்மாவா?" என்று கேட்டார். "அதையும் என்னால சொல்ல முடியாது" என்றார்.

அங்கே கமலக்கண்ணன் நின்றார், அவர் வீட்டு ஆட்கள் நின்றார்கள், பேச்சியம்மாள் நின்றாள். நான் பேசாமல் இருந்தால் என் பல்லி எனக்குள்ளேயே இருந்திருக்கும், மலைக்கு மனசு சரியில்லாமல் போனேன் என்று எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன். ஆனால் என் தொழிலைக் காப்பாற்ற அந்தம்மா குற்றவாளி போல உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் போய்க் கும்பிட்டு, "மேடம், நான்தான் புதன்கிழமை சோலையம்மா" என்றேன்.

மேடம் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன் மேடம். நேத்து ராத்திரி ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். வருத்தத்தில் அழவில்லை. பெரிய அண்டாவைத் தலையிலிருந்து இறக்கி வைத்தது போல் இருந்தது. பிறகு பல்லி விஷயம் முழுவதையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்த வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உங்களைக் கிளம்பச் சொன்னது என் தப்பு என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். கமலக்கண்ணன் என் பக்கத்தில் வந்தார். பிறகு, "இதுக்கா இம்புட்டும்? வாந்தி எடுத்த எம் மச்சினனே சாம்பாரு நல்லாருந்துச்சுன்னுதான் சொல்றான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா நானே உன்னிய பஸ் ஏத்தி விட்டிருப்பேனே ஆத்தா" என்றார். தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், வெற்றிலை பாக்கை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இனி எனக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் கொடுக்க மாட்டார்கள் என்பது தெரியாது. தெரியாமல் இருப்பதற்கும் கொஞ்சம் பழகிவிட்டேன்.

நான் என் சொந்த விருப்பத்தில்தான் சிறுமலைக்குப் போனேன். மேற்படி அறிவுச்செல்வி என்னை எங்கும் கடத்தவோ, எதையும் கலக்கச் சொல்லவோ இல்லை. நானும் எதையும் கலக்கவில்லை. அவரிடம் இனிமேலும் புதன்கிழமை பேசுவேன். என் சொந்தப் பெயரில் பேசுவேன்.

கடைசியாக, சாம்பார், பாயசத்தின் சோதனை முடிவு வர நாளாகும், வந்ததும் எனக்குத் தெரிவிப்பதாகச் சார்பு ஆய்வாளர் சொன்னார். எனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதில் ஒன்றும் இருக்காது என்று அவர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இதையெல்லாம் வாக்குமூலத்தில் எழுதுவது வழக்கம் இல்லை என்றார். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. ஒரு தடவை கேட்டது போதும். திரும்பப் படிக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
சே. முனீஸ்வரி